டீச்சரின் கைக்குட்டை முடிச்சு

என் வெள்ளைக் கோட்டின் இடது பையில் ஒரு கைக்குட்டை இருக்கிறது. ஆண்கள் வைத்துக்கொள்ளும் பெரிய அளவு. ஓரத்தில் நீலக் கோடு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். எங்கள் ஊர் மேலகரத்துத் தண்ணீரில் வருஷக்கணக்காகத் துவைபட்டுப் பழுப்பேறிவிட்டது. அதன் ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு. நனைந்தும் காய்ந்தும் இறுகிப்போய் நகம் நுழையாத அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. வருகிறவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டக் குனியும்போதெல்லாம் அந்த முடிச்சு இடுப்பில் உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் அந்தப் பையில் வைத்திருக்கிறேன்.

கைக்குட்டை என்னுடையதல்ல. எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த கணக்கு டீச்சருடையது. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தார். கணவர் ராணுவத்தில் இருந்தவர். மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அவருடைய இரும்புப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்த கைக்குட்டைகளைத்தான் டீச்சர் வரிசையாக எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தார். பார்வைக்குக் கறாரான ஆள். சிரித்தால் அன்றைக்கு மழை வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் தினமும்தான் மழை, அதனால் அதைச் சரிபார்க்க வழியில்லை.

எங்கள் சபையில் "ஜெபிச்சுக்கிடுதேன்" என்று சொல்வது போய்வருகிறேன் என்று சொல்வது மாதிரி. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்பார்கள், "ஜெபிச்சுக்கிடுதேன்" என்போம். முட்டு வலி என்பார்கள், "ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன்" என்போம். சொன்னவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் என் கதையைச் சொல்கிறேன். பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் எனக்கு மறந்துவிடும். டீச்சர் மட்டும் அப்படி இல்லை. யாராவது ஜெபிக்கச் சொன்னால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். கைக்குட்டையை எடுத்து, மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய், சிலிண்டரும் அரிசி வாளியும் தேங்காய்க் குவியலும் இருக்கிற சாமான் அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொள்வார். மனதார ஜெபித்து முடித்துவிட்டோம் என்று தோன்றினால்தான் முடிச்சை அவிழ்ப்பார். சில முடிச்சுகள் அன்றைக்கே அவிழும். சில முடிச்சுகள் கைக்குட்டையோடு சேர்ந்து சோப்பு போட்டுத் துவைபட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் அப்போது சவூதியில் வேலையில் இருந்தார். அவருக்குப் பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கலாகி ஊருக்கு வரமுடியாமல் நின்ற சமயம், ராத்தா வாசலில் நின்று, "டீச்சர், நீங்களும் ஒங்க முறையில கொஞ்சம் கேளுங்க" என்று அழுதார். டீச்சர் முடிச்சுப் போட்டார். கணவர் ஊருக்கு வந்து இறங்கிய அன்றைக்கு ராத்தா ஒரு தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்தார். டீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டு, "இத்தன நாளும் நீங்களுந்தான கேட்டிய. பாதிச் சோறு ஒங்களுக்கு" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன், "டீச்சர், ஒரு நோட்டு வாங்கித் தரட்டுமா? பேரெல்லாம் எழுதி வச்சுக்கிடலாம்லா."

"நோட்ட நாலு பேரு வாசிப்பாங்க. இத யாருட்டி வாசிப்பா?" என்றார்.

அது எனக்குச் சொன்னது என்று அப்போது உறைக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் ஜெபத்தில் பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஆளாளுக்கு ஒரு ஜெபம், கடைசியில் சுண்டல். முடிவு ஜெபம் எப்போதும் எனக்குத்தான். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். கண்ணை மூடினால் வார்த்தை தடையில்லாமல் வரும். அங்கங்கே "ஸ்தோத்திரம்" என்று குரல் எழும்போது இன்னும் ஒரு படி ஏற்றுவேன். "ஏட்டி, நீ ஜெபிச்சா கண்ணுல தண்ணி வந்துருதுட்டி" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். டீச்சர் முறை வந்தால், "ஆண்டவரே, எல்லாம் உமக்குத் தெரியும். ஆமென்" என்று முடித்துவிடுவார். டீச்சருக்கு ஜெபிக்க வராது என்று சபையில் ஒரு பேச்சே உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மனதுக்குள் கொஞ்சம் பரிதாபத்தோடு.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய ஓர் ஆனி மாதம். டீச்சர் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். நல்ல இடம், மகளுக்கும் அந்தப் பையனைப் பிடித்துப்போய் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் டீச்சர் எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். மார்பில் ஒரு கட்டி. அதில் ஊசி வைத்து எடுத்த சாம்பிள் திருநெல்வேலிக்குப் போய், ரிப்போர்ட் என் கைக்குத்தான் வந்தது. நல்ல செய்தி இல்லை. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் டீச்சர் என்னிடம் சொன்னார். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார். அதற்காகக் கல்யாணம் முடியும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட முடிவு செய்திருந்தார்.

"மகளுக்கே சொல்லல. ஒனக்கு மட்டுந்தான் தெரியும். ஆவணி வரைக்கும் ஒன் வாய்க்குள்ளயே இருக்கட்டும். ஜெபிச்சுக்கோ" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

லேபில் நான் ஒரு ரிப்போர்ட்டைப் பற்றியும் வெளியில் மூச்சு விட்டவள் இல்லை. கூடப்பிறந்த தம்பியின் சர்க்கரை அளவை அவன் மனைவி கெஞ்சிக் கேட்டும் சொல்லாதவள். அதனால் டீச்சர் என்னை நம்பியதில் தப்பே இல்லை. நான் பேசும்போது கவனமாகத்தான் இருந்தேன். ஜெபிப்பதும் பேசுவதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டம் மேலகரத்திலேயே ஒரு அக்கா வீட்டில். சீசன் கூட்டத்தில் குற்றாலம் ரோட்டில் வேனும் பஸ்ஸும் நகராமல் நின்றதால் நான் நனைந்துகொண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பாட்டெல்லாம் முடிந்திருந்தது. வாசலில் குவிந்துகிடந்த குடைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். டீச்சர் எதிர்ச்சுவரோரம் இருந்தார். அவர் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு அம்மா. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலையை முதுகில் விரித்துவிட்டிருந்தார். சீசன் சமயத்தில் எங்கள் ஊரில் விருந்தாளி இல்லாத வீடு கிடையாது. குளிக்க வந்தவர் யாரோ என்று நினைத்தேன். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள், "வந்துட்டியா? முடிவு ஜெபம் பண்ணிரு" என்றார் வீட்டுக்கார அக்கா.

கண்ணை மூடினேன். மூன்று நாளாக நெஞ்சில் கனத்துக்கிடந்தது தானாக வந்தது. "ஆண்டவரே, எங்கள் நடுவிலே இருக்கிற உம்முடைய மகளை நினைத்தருளும். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற உம்முடைய மகளின் மார்பிலே இருக்கிற கட்டியை உம்முடைய கரத்தால் தொடும். ஆவணி மாதத்தில் மகளுடைய கல்யாணத்தை அவள் கண்குளிரப் பார்க்கும்படி..." இப்படியே போனேன். பெயர் சொல்லவில்லை என்ற சமாதானம் வேறு எனக்கு உள்ளுக்குள் இருந்திருக்கிறது. "ஸ்தோத்திரம்" என்ற சத்தம் அன்றைக்கு எழவில்லை. எல்லாரும் உருகிப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், டீச்சர் மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கையைக் கூட்டம் தொடங்கியதிலிருந்து பக்கத்து அம்மா பிடித்துக்கொண்டிருந்தாராம். இப்போது விட்டிருந்தார். சுண்டல் தட்டு வருவதற்கு முன்னால் டீச்சர் எழுந்து, குவியலில் தன் குடையைத் தேடி எடுத்து, "நான் போதேன்" என்று இறங்கிவிட்டார். அடுப்படியில் அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "என்ன காரியம்ட்டி செஞ்சுட்ட? அவங்க யாருன்னு தெரியுமா? டீச்சர் மகளுக்குப் பேசியிருக்க மாப்பிள்ளையோட சித்தி. மதுரைலருந்து வந்திருக்காங்க. இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் மொத மொத பாத்துப் பேசிட்டு இருந்தாங்க."

பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். "ஜெபத்துல வச்சுப் பாத்தோம். எங்களுக்குச் சமாதானம் கிடைக்கல." எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லும் முறை அது. அதற்கு மேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. என் வாய் ஜெபத்தால் தொடங்கியதை அவர்கள் ஜெபத்தைச் சொல்லியே முடித்துவைத்தார்கள். டீச்சர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த வாரமே திருநெல்வேலியில் ஆபரேஷனுக்குப் படுத்தார்.

நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால்கூட வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. வேலைக்குப் போக டீச்சர் வீட்டைத் தாண்டவேண்டும் என்பதால் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனேன். சபையில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். "நீ என்ன செய்வ? எல்லாம் தேவசித்தம். நீ சொல்லலன்னா டீச்சர் ஆவணி வரைக்கும் ஆபரேஷனத் தள்ளிப்போட்டு உசிருக்கே ஆபத்தாயிருக்கும்" என்றார்கள். அந்த ஆறுதலை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் காலையில் லேபில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். டீச்சர் உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், தலையில் முக்காடு. நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த பக்கம் குத்தக்கூடாது என்பதால் வலது கையை நீட்டினார்.

"ஏட்டி, பின்தெரு வழியாச் சுத்திப் போறியாமே. காலு வலிக்கலியா?"

பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தேன். ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள் என்று பேர் எடுத்தவளுக்கு அன்றைக்கு முதல் குத்தில் ஒரு சொட்டு வரவில்லை. "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் தேவசித்தம்னு சபையில சொல்லுதாங்க. இல்லன்னா நீங்க ஆபரேஷனத் தள்ளிப் போட்டு..." என்று இழுத்தேன்.

"ஆண்டவர் மேல தூக்கிப் போடாத" என்றார் டீச்சர். சத்தம் கூட்டவில்லை. "அவரு செய்யுதத அவரு செஞ்சுக்கிடுவாரு. வாயத் தொறந்தது நீ. எம் மக ராத்திரி பகலா அழுதா. அதையும் தேவசித்தம்னு சொல்லுவியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இடது கையால் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒரு மூலை மட்டும் கசங்கிச் சுருண்டு கிடந்தது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒனக்குன்னு ஒரு முடிச்சுப் போட்டேன். முப்பத்தேழு நாளு. ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனேன். ஒன் பேர எடுத்தா மேக்கொண்டு வாறதெல்லாம் ஏச்சுதான். ஏசிட்டு அவுத்தா அது கள்ளக்கணக்குல்லா? இன்னைக்குக் காலைலதான் ஒழுங்கா வந்துச்சு. அவுத்துட்டு நேரா இங்கன வாறேன்."

கண்ணீர் வழிய, "என்ன சொல்லி ஜெபிச்சிய டீச்சர்?" என்று கேட்டேன்.

"அத ஒங்கிட்ட சொன்னா வெள்ளிக்கிழம ஊருக்கே தெரிஞ்சிருமே" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது குத்தில் நரம்பு கிடைத்தது. எழுந்து போகும்போது, "ஜெபிக்கத விட்டுராத. வாய மட்டும் பாத்துக்கோ" என்றார்.

டீச்சர் மன்னித்துவிட்டார். மகள் மன்னிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எதிரில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போனாள். நான்கு வருஷம் கழித்து அங்கேயே ஒரு நல்ல பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினேன். போகிறவர்கள் எல்லாரிடமும் "ஜெபிச்சுக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினாள். என்னிடம், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சேரவேண்டியது அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் நான் ஜெபிக்கும் விதமும் மாறிப்போனது. முடிவு ஜெபத்தை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தேன். இரத்தம் எடுத்ததும் குழாயில் பெயர்ச் சீட்டு ஒட்டவேண்டும் அல்லவா, அந்த மூன்று விநாடி எனக்குப் போதும் என்று ஆனது. பெயரைப் படிப்பேன், ஒட்டுவேன், மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்வேன். சுப்பையா என்றோ மைதீன் என்றோ மேரி என்றோ இருக்கும். அவர்களுக்குத் தெரியாது. முன்பு நான் அரைமணி நேரம் உருகிய ஜெபங்களில் ஆண்டவருக்கு எவ்வளவு, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

இந்த வருஷம் வைகாசி கடைசியில், சாரல் தொடங்குவதற்குள், டீச்சர் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டி திரும்பி வரவில்லை, இதயம் நின்றுவிட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் மகள் சாமான் அறைக்குள் போய் முக்காலிமேல் கிடந்த இந்தக் கைக்குட்டையை எடுத்துவந்தாள். "அம்மா ஒண்ணு அவுக்காம வச்சிருக்காங்க. இது யாருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"எம் புள்ளைக்குத்தான்" என்றார் எதிர்வீட்டு ராத்தா உடனே. "துபாய்ல வேல போயி நிக்கான்னு போன வாரந்தான் சொல்லி அழுதேன். எங் கண்ணு முன்னாலதான் முடிச்சுப் போட்டாங்க." வெள்ளிக்கிழமைக் கூட்டத்து அக்கா, "இல்ல, அது எம் முட்டுக்கு. ஆபரேஷன் வேண்டாம்னு கேக்கச் சொல்லியிருந்தேன்" என்றார். பால்கார அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஏதோ இருந்திருக்கிறது. முடிச்சு இவ்வளவு இறுகியிருப்பதைப் பார்த்தால் போன வாரத்து முடிச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மகள் அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

எல்லாரும் போனபிறகு பின்பக்கத்தில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து நின்றாள்.

"அத்த, இத நீங்க வச்சுக்கிடுங்க."

"நானா? எங்கிட்டயா குடுக்க?" என்றேன். ஈரக் கையை நீட்டத் தைரியம் வரவில்லை. "வேற யார்ட்டயாவது குடும்மா."

"நீங்கதான் சரி" என்றாள். "யாருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாதுல்லா? யார்ட்டப் போய்ச் சொல்லுவீங்க?"

டீச்சருடைய அதே கறாரான முகம். ஒரு நொடி நான் அடிவாங்கியவள் மாதிரி நின்றேன். அப்புறம் அவள் உதட்டோரம் துடித்தது. சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு முடிவதற்குள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கைக்குட்டையை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, "ஜெபிச்சுக்கிடுங்க அத்த" என்றாள்.

இப்போது சாரல் தொடங்கிவிட்டது. லேப் வாசலில் ஈரக் குடைகள் குவிந்து கிடக்கின்றன. குளிக்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்க நான் முயற்சி செய்யவில்லை. அது ராத்தா மகனுக்காக இருக்கலாம், அக்காவின் முட்டுக்காக இருக்கலாம், மகளுக்காகவே இருக்கலாம். எனக்காகவும் இருக்கலாம் என்று சில நாள் ஆசைப்படுகிறேன். அடுத்த ஆள் வந்து கையை நீட்டுகிறார். பட்டையைக் கட்டக் குனிகிறேன், முடிச்சு உறுத்துகிறது. யாரென்று எனக்குத் தெரியாது ஆண்டவரே, உமக்குத் தெரியும், அவரை நினைத்துக்கொள்ளும் என்று சொல்கிறேன், என் வாய்க்குள்ளேயே.